வாக்குப்பெட்டியும் எல்லைக்கல்லும்: ‘சுதந்திரத் திருவிதாங்கூ’ரும் பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லையும் (1938–1956)

1947 ஜூன் 11 அன்று திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், பிரிட்டிஷ் மேலாதிக்கம் நீங்கும் நாளில் திருவிதாங்கூர் ஒரு சுதந்திர, இறையாண்மை நாடாகும் என அறிவித்தார். ஒரு வாரத்தில் மகாராஜா சித்திரைத் திருநாளும் அதை உறுதிசெய்தார். எந்த நாடும் அந்த இறையாண்மையை முறைப்படி அங்கீகரிக்கவில்லை. ஏழு வாரங்களுக்குள் அறிவிப்பே கைவிடப்பட்டது.

இந்த ஏழு வாரங்களின் கதை பெரும்பாலும் திவானின் பிடிவாதம், ஜின்னாவின் வரவேற்பு, கே.சி.எஸ். மணியின் வெட்டுக்கத்தி ஆகியவற்றைக் கொண்டே சொல்லப்படுகிறது. அதிகம் கேட்கப்படாத கேள்வி வேறொன்று. தனிநாடு எனத் தன்னை அறிவித்துக்கொண்ட அரசு, அந்த நாட்டில் வாழப்போகிறவர்களிடம் வாக்குக் கேட்டதா? கேட்டிருந்தால், தலைநகரிலிருந்து தெற்கே செல்லும் பெருவழியில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை ஆகிய ஊர்களில் வாழ்ந்த மக்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? இன்று இரு மாநிலங்களின் எல்லை இந்த வழியைப் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே வெட்டிச் செல்கிறது. 1947இல் அங்கே எல்லை ஏதும் இல்லை. அந்த எல்லை உருவான ஒன்பது ஆண்டுகளின் வரலாறு பெருமளவுக்குத் தேர்தல்களின் வரலாறாகவே இருந்தது.

அங்கீகாரமற்ற நாடுகளும் தேர்தலும்

உலகின் அங்கீகாரமற்ற அரசுகள் தேர்தல் நடத்துவதில் பேரார்வம் காட்டுகின்றன. மால்டோவாவிலிருந்து பிரிந்த திரான்ஸ்னிஸ்திரியா, ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியா, துருக்கி மட்டுமே அங்கீகரித்த வடக்கு சைப்பிரஸ், சோமாலியாவிலிருந்து 1991இல் விலகிய சோமாலிலாந்து ஆகிய எல்லாவற்றிலும் நாடாளுமன்றம் உண்டு, வாக்காளர் பட்டியல் உண்டு. வெளியுலகம் தர மறுக்கும் சான்றிதழைத் தம் மக்களிடமிருந்து பெற்றுக் காட்டுவது அவற்றின் நோக்கம். ஆனால் இத்தேர்தல்களில் யார் வென்றார் என்பதைவிட, பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. 1990களின் போரில் வெளியேறிய ஜார்ஜியர்கள் அப்காசியத் தேர்தல்களில் இல்லை. எல்லையோர காலி மாவட்டத்தில் எஞ்சிய ஜார்ஜியர்களில் பல்லாயிரவரின் பெயர்களும் 2014 தேர்தலுக்கு முன் நீக்கப்பட்டன. சோமாலிலாந்தின் கிழக்கெல்லையிலுள்ள சூல் பகுதியின் பெரும்பகுதி மக்கள் அந்த நாட்டையே ஏற்கவில்லை. ஆக, ஒரு புதிய நாட்டின் தேர்தலுக்கு உண்மையான சோதனைக்களம் அதன் எல்லையோரக் கிராமங்களே.

தமிழ் வாசகர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரிந்ததே. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி, அங்கீகரிக்கப்பட்ட இலங்கை அரசின் பொதுத்தேர்தலையே தனிநாட்டுக்கான ஆணை கேட்கும் களமாக்கி 18 இடங்களை வென்றது. அங்கே வாக்கு இருந்தது, நாடு இல்லை. 1947இன் திருவிதாங்கூரில் நாடு அறிவிக்கப்பட்டது, வாக்கு கேட்கப்படவில்லை.

சபை இருந்தது, ஆட்சி இல்லை

வாக்கு என்பது திருவிதாங்கூருக்குப் புதிய சொல்லன்று. 1888இல் அங்கே சட்டசபை அமைந்தது. இந்தியச் சமஸ்தானங்களில் அதுவே முதலாவது. 1904இல் ஸ்ரீமூலம் பிரஜாசபை வந்தது. 1932இல் ஸ்ரீமூலம் சபை, ஸ்ரீசித்திரா அவை என ஈரவை முறையும் வந்தது. ஆயினும் வாக்குரிமை சொத்தையும் வரியையும் பற்றி நின்றது. ஈழவர், கிறித்தவர், முஸ்லிம்கள் தம் எண்ணிக்கைக்கேற்ற இடம் கிடைக்காதெனக் கண்டு நடத்திய நிவர்த்தனப் போராட்டம் அந்தக் குறையை வெளிப்படுத்தியது. அதன் பிறகு வாக்குரிமை சற்றே விரிந்தது. ஆனால் திவானை நியமிப்பதும் நீக்குவதும் அரண்மனையின் உரிமையாகவே நீடித்தன. சபை பேசலாம், கேள்வி கேட்கலாம், ஆட்சியை மாற்ற முடியாது.

இந்த வேறுபாட்டின் விலையை நெய்யாற்றின்கரை முன்கூட்டியே கொடுத்திருந்தது. திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கண்டித்து எழுதியதற்காக 1910 செப்டம்பரில் நாடுகடத்தப்பட்ட ‘சுதேசாபிமானி’ ராமகிருஷ்ணப் பிள்ளை இவ்வூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். 1938 பிப்ரவரியில் பட்டம் தாணுப்பிள்ளையின் தலைமையில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றி, மக்களுக்குப் பொறுப்பான ஆட்சியைக் கோரியது. ஆகஸ்ட் இறுதியில் சட்டமறுப்பு தொடங்கியது. நெய்யாற்றின்கரைத் தலைவர் என்.கே. பத்மநாபப் பிள்ளை கைது செய்யப்பட்டதை எதிர்த்து ஆகஸ்ட் 31 அன்று திரண்ட கூட்டத்தின்மீது சமஸ்தானப் படை சுட்டது. வீரராகவன் உள்ளிட்ட பலர் உயிரிழந்தனர். அன்று கூடியவர்கள் தனி மாநிலமோ தனிநாடோ கேட்கவில்லை. வாக்களித்தால் ஆட்சி மாறவேண்டும் என்றே கேட்டார்கள்.

‘அமெரிக்க மாதிரி’

1946 ஜனவரியில் திவான் ஓர் அரசியல் சீர்திருத்தத் திட்டத்தை முன்வைத்தார். அதன்படி வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு, ஈரவைச் சட்டமன்றம் உண்டு. ஆனால் நிர்வாகத் தலைமையில், சட்டமன்றத்தால் நீக்கப்பட முடியாத திவான் இருப்பார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் முறையை ஒத்தது இது என அவர் வாதிட்டார். அமெரிக்காவில் நிர்வாகத் தலைவரையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற எளிய உண்மை இந்த ஒப்பீட்டில் விடுபட்டிருந்தது. ‘அமெரிக்க மாதிரி அரபிக்கடலில்’ என்ற முழக்கம் பிறந்தது. அக்டோபர் 1946இல் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளர் எழுச்சி குருதியில் அடக்கப்பட்டது.

1947இன் தனிநாட்டு அறிவிப்பை இந்தத் திட்டத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம். சட்டநோக்கில் திவானின் வாதம் வலுவற்றதன்று. 1947ஆம் ஆண்டின் இந்திய சுதந்திரச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சமஸ்தானங்கள்மீதான பிரிட்டிஷ் மேலாதிக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. அந்த மேலாதிக்கம் எந்தப் புதிய அரசுக்கும் கைமாறவில்லை. எனவே திருவிதாங்கூர் இந்தியாவிலிருந்து ‘பிரிந்தது’ என்பதைவிட, இந்தியாவில் ‘சேர மறுத்தது’ என்பதே சரியான விவரிப்பு. ஆனால் ஜூன் நடுவில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழுவில் நேரு, எந்தச் சமஸ்தானத்தின் சுதந்திரத்தையும் அயல்நாடு அங்கீகரித்தால் அது நட்பற்ற செயலாகவே கொள்ளப்படும் என எச்சரித்தார். பிரிட்டனும் சமஸ்தானங்களைத் தனி டொமினியன்களாக ஏற்க முன்வரவில்லை. ஜின்னாவின் ஆதரவும், பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியொருவரை நியமித்த அறிவிப்பும் மட்டுமே திவான் காட்டக்கூடிய வெளியுலகச் சான்றுகளாக இருந்தன.

இந்த நாட்டின் பொருளியல் தன்னிறைவுக்கு அவர் காட்டிய ஆதாரங்கள் எங்கே இருந்தன என்பது கவனத்துக்குரியது. 1941 கணக்கெடுப்பின்படி அறுபது லட்சம் மக்களைக் கொண்ட சமஸ்தானம் உணவுக்கு வெளியை நம்பியிருந்தது. அதன் நெற்களஞ்சியமாகப் பேசப்பட்ட நாஞ்சில்நாடு தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் இருந்தது. அணுயுகத்தின் தொடக்கத்தில் வல்லரசுகள் தேடிய தோரியம் கொண்ட மோனசைட் மணல், சவறைக் கடற்கரையிலும் கல்குளம் தாலுகாவின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கிடைத்தது. அரசு பத்மநாபசுவாமிக்குச் சமர்ப்பிக்கப்பட்டது, மன்னர் ‘பத்மநாபதாசர்’ என்ற 1750ஆம் ஆண்டின் மரபு தொடங்கிய காலத்துத் தலைநகரான பத்மநாபபுரமும் கல்குளத்திலேயே இருந்தது. புதிய நாட்டின் சோறு, செல்வம், புனிதக் கதை ஆகிய மூன்றும் தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களில் பெரிதும் ஊன்றியிருந்தன. அந்தத் தாலுகாக்களிலோ, சென்னை மாகாணத்துடன் இணைய வேண்டும் என்ற குரல் 1945 டிசம்பரிலேயே நாகர்கோவிலில் ஓர் அமைப்பாகத் திரண்டு, 1946இல் ‘திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்’ என்று பெயர் பெற்றுவிட்டது.

1947 ஜூலை 13 அன்று திருவனந்தபுரம் பேட்டையில் கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜூலை 25 அன்று சங்கீத அகாடமி விழாவில் திவான் வெட்டப்பட்டுக் காயமுற்றார். அம்மாத முடிவுக்குள் மகாராஜா இந்திய ஒன்றியத்தில் இணையும் முடிவை வைசிராய்க்குத் தெரிவித்தார். ஆகஸ்டில் சர் சி.பி. பதவி விலகி வெளியேறினார். செப்டம்பர் 4 அன்று பொறுப்பாட்சி அறிவிக்கப்பட்டது. தனிநாடு, தன் முதல் தேர்தலை நடத்துமுன்னே மறைந்தது.

1948: முதல் உண்மையான வாக்கு

அந்தத் தேர்தல் ஆறு மாதம் கழித்து வந்தது. 1948 பிப்ரவரியில் 120 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிசபைக்கு வயது வந்தோர் அனைவரும் வாக்களித்தனர். இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்னரே, நெய்யாற்றின்கரையிலும் விளவங்கோட்டிலும் நிலமற்ற பனையேறியும் வயற்கூலிப் பெண்ணும் வாக்குப்பெட்டியின் முன் நின்றனர். மேலாடை அணியும் உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். எந்த மாநிலத்தில் சேர்வது என்ற கேள்விக்கு முன்னதாக, வாக்குச்சீட்டைக் கையில் பெற்றதே அவர்களுக்கு ஒரு பெருநிகழ்வு.

ஸ்டேட் காங்கிரஸ் 97 இடங்களை வென்றது. பட்டம் தாணுப்பிள்ளை மார்ச்சில் பிரதமரானார். பத்தாண்டுகளுக்கு முன் நெய்யாற்றின்கரையில் கேட்கப்பட்ட கோரிக்கை நிறைவேறியது. ஆனால் தெற்கில் மற்றொரு முடிவும் வெளிப்பட்டது. 1947 செப்டம்பரில் வழக்கறிஞர் ஏ. நேசமணி இணைந்ததால் வலுப்பெற்றிருந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களை வென்றது. தேர்தல் சூழலில் மூண்ட மோதல்களில் விளவங்கோடு தாலுகாவின் மங்காடு தேவசகாயமும் கீழ்குளம் செல்லையனும் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியாயினர்.

இந்த 14 இடங்கள் சொல்லும் செய்தி எண்ணிக்கையைவிடப் பெரியது. ‘திருவிதாங்கூர் மக்கள்’ என்ற ஒற்றைத் திரளின் பெயரால் திவான் இறையாண்மை கோரினார். அதே திரளின் பெயரால் ஸ்டேட் காங்கிரஸ் பொறுப்பாட்சி கோரியது. மக்கள் வாயிலாகவே விடை கேட்கப்பட்டபோது, அந்தத் திரளுக்குள் இன்னொரு திரள் இருப்பது தெரியவந்தது. திவானின் முடியாட்சி அடக்கிவைத்திருந்த கேள்வியை மக்களாட்சி எழுப்பியது. ஆனால் உடனே விடை தரவில்லை.

எட்டு இடங்களின் பலம்

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. இது ஐக்கிய கேரளத்துக்கான முதற்படி என மலையாளிகள் மகிழ்ந்தனர். அதே காரணத்தால் தெற்குத் தமிழர்கள் அஞ்சினர். 1951–52 பொதுத்தேர்தலில் 108 இடங்கள் கொண்ட திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் 8 இடங்களைப் பெற்றது. நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் நேசமணி வென்றார். 44 இடங்களுடன் பெரும்பான்மையற்று நின்ற காங்கிரஸ், தமிழ்நாடு காங்கிரசின் ஆதரவுடன் ஏ.ஜே. ஜான் தலைமையில் ஆட்சி அமைத்தது. தமிழ்த் தாலுகாக்கள் பற்றிய கோரிக்கை ஏற்கப்படாத நிலையில் 1953இல் அந்த ஆதரவு விலக்கப்பட்டது. அமைச்சரவை கவிழ்ந்தது. தனக்கு அங்கீகாரம் கிடைக்காத ஓர் எல்லைப்புறச் சிறுபான்மை, ஒரு மாநில ஆட்சியையே வீழ்த்தும் நிலையை வாக்குச்சீட்டால் எட்டியிருந்தது.

1954 தேர்தலில் அக்கட்சியின் இடங்கள் 12 ஆக உயர்ந்தன. இம்முறை காங்கிரசின் வெளியாதரவுடன் பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை முதல்வரானார். 1938இல் நெய்யாற்றின்கரையில் சுட்ட அரசை எதிர்த்த இயக்கத்தின் தலைவர் ஆண்ட மாநிலத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் ஊர்வலங்கள்மீது காவல்துறை சுட்டது. பலர் மாண்டனர். பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம்மனோகர் லோகியா, தம் கட்சியின் முதல்வரே பதவி விலக வேண்டும் எனக் கோரினார். நெய்யாற்றின்கரையிலிருந்து மார்த்தாண்டம் அதே பெருவழியில் சில மணி நேர மாட்டுவண்டித் தொலைவு. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசும், முன்னர் திவானின் அரசு செய்ததையே எல்லைக் கேள்வி எழும்போது செய்யக்கூடும் என்பதை அந்தத் தொலைவுக்குள் வாழ்ந்த ஒரு தலைமுறை கண்டது.

கோடு விழுந்த இடம்

பசல் அலி, கே.எம். பணிக்கர், ஹிருதயநாத் குன்ஸ்ரு ஆகியோரைக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை அளித்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நிறுத்தப்பட்டன. தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கைப் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அதுவும் கேரளத்திலேயே தங்கியது. 1956 நவம்பர் 1 அன்று முதல் நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. விளவங்கோடு தாலுகாவின் மேற்கு விளிம்பு மாநில எல்லையாயிற்று.

முடிவின் அடிப்படை அலகு தாலுகா. முழுத் தாலுகாவில் மலையாளம் பேசுவோர் மிகுதி என்பதால் நெய்யாற்றின்கரை ஒரு பக்கம், தமிழ் பேசுவோர் மிகுதி என்பதால் விளவங்கோடு மறுபக்கம். ஆனால் தாலுகா எல்லைகளை வகுத்தவர்கள் வரி தண்டுவதற்காகவே வகுத்தார்கள். பார்வத்தியக்காரரின் நிலவரிக் கணக்கில் மொழிக்கு இடமில்லை. பாறசாலைப் பக்கம் தமிழ் பேசிய குடும்பங்களும் விளவங்கோட்டுப் பக்கம் மலையாளம் பேசிய குடும்பங்களும் ஒரே இரவில் மொழிச் சிறுபான்மையினராயினர். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் மற்றொன்று, சந்தையில் இரண்டும் கலந்த வழக்கு என வாழ்ந்தவர்களுக்குக் கணக்கெடுப்புப் படிவத்தின் ‘தாய்மொழி’ என்ற ஒற்றைக் கட்டமே அந்நியமானது.

தமிழர் இயக்கம் கோரியவற்றில் பெரும்பகுதி கிடைத்தது. அது எளிதில் கிடைத்ததன்று. ஆனால் 1948 முதல் 1954 வரை மூன்று தேர்தல்களில் வாக்களித்த எல்லைக் கிராமம் எதுவும், ‘நீ எந்தப் பக்கம்?’ என்று தனியே கேட்கப்படவில்லை. கட்சிகள் தொகுதிவாரியாக வென்றன, ஆணையம் தாலுகாவாரியாக எண்ணியது. கிராமம் என்ற அலகு இரண்டிலும் கரைந்துபோனது. அங்கீகாரமற்ற நாடுகளின் தேர்தல்களை மதிப்பிடும் ஆய்வாளர்கள் இங்கிருந்து பெறக்கூடிய பாடம் ஒன்றுண்டு. வாக்கு மக்களின் விருப்பத்தைக் காட்டும் என்பது உண்மை. ஆனால் எந்த மக்கள், எந்த எல்லைக்குள் எண்ணப்படுகிறார்கள் என்பதை வாக்கு தீர்மானிப்பதில்லை. அது பெட்டி வைக்கப்படுமுன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. காலியிலும் சூலிலும் நடப்பது இதுவே. சட்டத்துக்குட்பட்டு, அமைதியான முறையில், பாறசாலையிலும் நடந்தது இதுவே.

கோட்டின் பின்விளைவுகள் மெல்லத் தொடர்ந்தன. லண்டன் மிஷன் காலத்திலிருந்து ஒன்றாக வளர்ந்த தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர்ப் பேராயம், 1959இல் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டானது. தாலுகா எல்லை மூன்றே ஆண்டுகளில் திருச்சபை எல்லையும் ஆயிற்று.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கோடு தடுமாறியது. பத்மநாபபுரம் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிக்கிறது. தனிநாடாக வேண்டும் என்று ஏழு வாரம் கனவு கண்ட ஓர் அரசின் பழைய தலைநகரைக் காண, நெய்யாற்றின்கரைப் பள்ளிப் பிள்ளைகள் களியக்காவிளை வழியே மாநில எல்லையைக் கடந்து சென்று, தம் மாநில அரசே வழங்கும் நுழைவுச்சீட்டை வாங்குகிறார்கள்.